காட்டுக்குக் காவல் நின்ற பால்மரத் தொழிலாளி

நம் நாட்டுத் தோட்டங்களில் வரிசையாக நிற்கும் ரப்பர் மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் காடு. அங்கு அது மற்ற மரங்களுக்கு இடையே தானாகவே வளர்கிறது. காடு அழிந்தால் பால்மரம் சீவுவோரின் பிழைப்பும் அழிந்துவிடும். இதை நன்கு உணர்ந்தவர் சீக்கோ மெண்டிஸ்.

இவர் 1944ஆம் ஆண்டு, பிரேசில் நாட்டின் ஆக்ரி மாநிலத்திலுள்ள ஷப்புரியில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையுடன் மரம் சீவச் சென்றார். அங்குப் பள்ளிக்கூடம் நடத்த முதலாளிகள் அனுமதிக்கவில்லை. தொழிலாளர்கள் கணக்குக் கற்றுக்கொண்டால், கடன் ஏட்டில் நடக்கும் ஏமாற்று வெளிப்பட்டுவிடுமே! காட்டில் மறைந்து வாழ்ந்த ஒருவர்தான் பழைய செய்தித்தாள்களைக் கொண்டு சீக்கோவுக்கு வாசிக்கக் கற்பித்தார்.

1970களில் மாட்டுப் பண்ணைகள் அமைப்பதற்காகச் செல்வந்தர்கள் காட்டை அழிக்கத் தொடங்கினர். தொழிலாளர்கள் சங்கம் அமைத்தனர். மரம் வெட்டப்படும் இடத்துக்குப் பெண்கள், பிள்ளைகளுடன் சென்று, இயந்திர வாள்களுக்கு முன்னால் நின்றனர். வெட்ட வந்த கூலியாட்களும் ஏழைகளே. அவர்களிடம் பொறுமையாகப் பேசித் திருப்பி அனுப்பினர். சில இடங்களில் வென்றனர்; பல இடங்களில் தோற்றனர். 1980இல் சங்கத் தலைவர் வில்சன் பின்ஹெய்ரோ சுட்டுக் கொல்லப்பட்டார்.

தடுத்து நிறுத்தினால் மட்டும் போதுமா? காட்டை யார் பராமரிப்பது? 1985இல் தலைநகர் பிரசீலியாவில் கூடிய தொழிலாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். நிலம் அரசுக்கே சொந்தமாக இருக்கும். அதைப் பயன்படுத்திப் பாதுகாக்கும் பொறுப்பு அங்கு வாழும் மக்களுக்கு உரியது. அவர்கள் பால் எடுக்கலாம். காட்டில் விழும் கொட்டைகளைப் பொறுக்கி விற்கலாம். நிலத்தை விற்கக்கூடாது. தொழிலாளர்களுக்கும் பூர்வகுடியினருக்கும் நெடுங்காலமாகப் பகை இருந்தது. அவர்களையும் சீக்கோ ஒன்றுசேர்த்தார். வாளைத் தடுப்பதைவிட இதுவே கடினமான வேலை எனலாம்.

கொலை மிரட்டல்கள் தொடர்ந்தன. 1988 டிசம்பர் 22ஆம் நாள், தம் வீட்டின் பின்வாசலில் சீக்கோ சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 44. பண்ணையாளர் ஒருவரும் அவருடைய மகனும் இக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர்.

1990இல், ஆக்ரி மாநிலத்தில் ஏறத்தாழ 970,000 ஹெக்டர் காடு அவர் பெயரால் பாதுகாக்கப்பட்டது. அங்குள்ள குடும்பங்கள் இன்றும் பால்மரம் சீவுகின்றன. வருமானம் போதாமல் மாடு வளர்ப்போரும் அவர்களிடையே உண்டு.