சிறையிலும் சிந்தித்தவர் – போயத்தியஸ்



சதுரமும் மூலைவிட்டமும் கணக்குப் பாடத்தில் நமக்கு நல்லாவே தெரியும். வாக்கியங்களை வைத்தும் ஒரு சதுரம் போடலாம், தெரியுமா? அதை உலகத்துக்குக் கொண்டுசேர்த்த ஒருவரைப் பற்றித்தான் இந்த மாதம் நான் எழுதுகிறேன்.

போயத்தியஸ் கி.பி. 480-ஐ ஒட்டி ரோமானியப் பெருங்குடும்பம் ஒன்றில் பிறந்தார். சின்ன வயதிலேயே தந்தையை இழந்தார். சிம்மாக்கஸ் என்ற பெரியவர் எடுத்து வளர்த்து, தன் மகளையே கட்டிக்கொடுத்தார். அப்போது இத்தாலியை ஆண்டவர் கோத் இனத்து மன்னர் தியோடரிக். அங்கே கிரேக்கம் படித்தவர்கள் குறைந்துகொண்டே வந்த காலம் அது. பிளேட்டோ, அரிஸ்டாட்டில் நூல்கள் எல்லாவற்றையும் லத்தீனுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டார். ஆயுள் போதவில்லை. ஆனாலும் அரிஸ்டாட்டிலின் தர்க்க நூல்கள் பலவற்றை மொழிபெயர்த்து, உரையும் எழுதினார். அந்த உரையில்தான் இந்தச் சதுரம் வருகிறது.

ஒரு தாளில் சதுரம் போட்டு, நாலு மூலையிலும் எழுதுங்க:

மேல் இடது: எல்லோரும் சத்தம் போட்டார்கள்.
மேல் வலது: யாருமே சத்தம் போடவில்லை.
கீழ் இடது: சிலர் சத்தம் போட்டார்கள்.
கீழ் வலது: சிலர் சத்தம் போடவில்லை.

(இங்கே சிலர் என்றால் குறைந்தது ஒருத்தர்.)

மேலே உள்ள இரண்டும் சேர்ந்து உண்மையாக முடியாது. ஆனால் இரண்டுமே பொய்யாகலாம். கீழே உள்ள இரண்டும் சேர்ந்து உண்மையாகலாம். மூலைவிட்டத்தில் இருப்பவைதான் நேர் எதிரிகள்: ஒன்று உண்மை என்றால் மற்றது கண்டிப்பாகப் பொய். அதனால், எல்லோரும் சத்தம் போட்டார்கள் என்பதை மறுக்க, யாருமே போடவில்லை என்று நிரூபிக்க வேண்டாம். சும்மா இருந்த ஒரே ஒருத்தரைக் காட்டினால் போதும்!

போயத்தியஸ் 510-இல் கான்சல் ஆனார். 522-இல் அவருடைய இரண்டு மகன்களும் ஒன்றாகக் கான்சல் ஆனார்கள். அவர் அரசவையின் தலைமை அதிகாரி ஆனார். அதற்குப் பிறகுதான் சோதனை வந்தது. ஆல்பினஸ் என்ற செனட் உறுப்பினர் கிழக்கு ரோமப் பேரரசர் தரப்போடு ரகசியக் கடிதத் தொடர்பு வைத்திருந்ததாகக் குற்றச்சாட்டு. மன்னர் அந்த ஒருவர் மேல் வந்த பழியைச் செனட் சபை முழுவதின் மேலும் போடப் பார்த்தார் என்று போயத்தியஸ் எழுதியிருக்கிறார். அவர் சபைக்காக எழுந்து பேசினார். துரோகிப் பட்டம் அவருக்கே வந்தது. நேரில் பதில் சொல்ல விடாமலேயே தண்டனை கொடுத்தார்கள். அவர் யாருக்காகப் பேசினாரோ, அந்தச் சபையே அவரைக் கைவிட்டது.

சிறையில் இருந்தபோது, தத்துவம் ஒரு பெண்ணாக வந்து தன்னோடு பேசுவது போல ‘தத்துவத்தின் ஆறுதல்’ என்ற நூலை எழுதினார். 524-ஐ ஒட்டி அவரைக் கொன்றுவிட்டார்கள். அவருடைய தர்க்க நூல்களைப் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மாணவர்கள் பாடமாகப் படித்தார்கள்.

நம்ம வகுப்பிலும் நாலு பேர் கத்தினால், வகுப்பே மோசம் என்று பேர் வருது. ஒரு ஊரையோ, ஒரு கூட்டத்தையோ யாராவது மொத்தமாகத் திட்டும்போது, அந்தச் சதுரத்தின் நாலாவது மூலையை நினைச்சுப் பாருங்க. அங்கே ஒருத்தர் இருந்தாலும் அவருக்காகப் பேசுவோம்!