காது மந்தமானவர் திருத்திய குரல்

ஈக்வலைசர் என்றதும் நமக்கு டேப்ரிக்கார்டர் முகப்பில் வரிசையாக நிற்கும் ஸ்லைடர்கள்தான் ஞாபகம் வரும். ஆனால் நண்பர்களே, டெலிபோன் கம்பியில் ஓடி இளைத்துப்போன உயர் அதிர்வெண்களைத் தூக்கிச் சமன் செய்ததால்தான் அதற்கு அந்தப் பெயர். குரல் கம்பியில் ஏன் கெடுகிறது, கெடாமல் எப்படி அனுப்பலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் ஆலிவர் ஹெவிசைடு.

1850 மே 18-ல் லண்டனில், கஷ்ட ஜீவனக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதில் வந்த ஸ்கார்லெட் காய்ச்சல் காதை மந்தமாக்கியது. 16 வயதோடு படிப்பு சரி. காலேஜ் வாசலை மிதித்ததே இல்லை. தாயாரின் சகோதரியை மணந்தவர் வீட்ஸ்டோன். ஆமாம், நம்ம லேப் பிரிட்ஜுக்குப் பேர் கொடுத்தவரேதான். கொஞ்ச காலம் தந்தி ஆபரேட்டர் வேலை. 1874-ல், 24 வயதில் அதையும் விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்து மாக்ஸ்வெல்லின் புத்தகத்தைத் தானே படித்தார். மறுபடி யாரிடமும் வேலைக்குப் போகவில்லை. எலக்ட்ரீஷியன் பத்திரிகை வருஷத்துக்குச் சுமார் 40 பவுன் கொடுத்தது.

கம்பிக்கு ரெசிஸ்டன்ஸ், இண்டக்டன்ஸ், கெப்பாசிட்டன்ஸ், லீக்கேஜ் என்று நாலு குணம். R/L-ம் G/C-ம் சமமாக இருந்தால் எல்லா அதிர்வெண்ணும் ஒரே வேகத்தில், ஒரே அளவு குறைந்து போய்ச் சேரும். சத்தம் குறையும், குரல் மாறாது. நிஜக் கம்பியில் R/L ரொம்ப அதிகம். லீக்கேஜைக் கூட்டினாலும் சமமாகும்தான், ஆனால் சிக்னலே வீணாகிவிடும். ஆகவே இண்டக்டன்ஸைக் கூட்டு என்றார், 1887-ல். பிரிட்டிஷ் தபால் இலாகாவின் பெரிய இன்ஜினியர் பிரீஸோ இண்டக்டன்ஸே எதிரி என்று நம்பியவர். அதே இலாகாவில் இருந்த அண்ணன் ஆர்தரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையை வெளிவராமல் தடுத்தார். பெரிய நாற்காலி!

ஹெவிசைடு பேட்டன்ட் எடுக்கவில்லை. அமெரிக்காவில் புபின் 1900-ல் லோடிங் காயிலுக்குப் பேட்டன்ட் வாங்கினார், ஏ.டி. அண்ட் டி. கம்பெனி அவருக்குப் பெருந்தொகை கொடுத்தது. ஹெவிசைடுக்கும் பணம் தர முன்வந்ததாகவும், முழுப் பெருமையும் தனக்கே என்று ஒப்புக்கொள்ளாவிட்டால் வேண்டாம் என்றதாகவும் சொல்வார்கள். வீம்புதான். ஆனால் நியாயமான வீம்பு.

இண்டக்டன்ஸ், இம்பிடன்ஸ் என்ற வார்த்தைகளே அவர் வைத்தவை. நாம் அசெம்பிள் பண்ணும் கிராஃபிக் ஈக்வலைசரில் ஒவ்வொரு பேண்டுக்கும் ஒரு L, ஒரு C சீரீஸில் வேண்டும். தாழ்ந்த பேண்டுக்குக் காயில் சுற்றினால் தலைபெருத்துப் போகும், ஹம்மையும் இழுக்கும். அதனால்தான் ஆப்-ஆம்ப், ஒரு கெப்பாசிட்டர், இரண்டு ரெசிஸ்டர் வைத்து காயில் மாதிரி நடிக்கவைக்கும் ஜைரேட்டர். ஒரு ஸ்லைடர் மட்டும் வேலை செய்யவில்லையா? டூயல் சப்ளை என்றால் அந்தப் பேண்டின் 741-ல் 6-வது பின்னில் மீட்டரை வையுங்கள். 0 வோல்ட் அருகே இருக்கணும். சப்ளை வோல்டேஜ் பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால், 3-வது பின்னிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டரின் சால்டரை முதலில் பாருங்கள், ஐ.சி.யைப் பிடுங்குவது அப்புறம்.

1891-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1902-ல், வானத்தின் மேலே ரேடியோ அலையைத் திருப்பிவிடும் ஒரு படலம் இருக்கலாம் என்று எழுதினார். கடைசிக் காலம் டார்க்கி ஊரில், தனிமையிலும் பணமுடையிலும் போனது. 1924 டிசம்பரில் ஆப்பிள்டன் குழுவினர் அந்தப் படலம் இருப்பதைச் சோதனையில் காட்டினார்கள். 1925 பிப்ரவரி 3-ல் ஹெவிசைடு இறந்தார்.