இருளைக் காட்டிய கலைஞர்

கொலையையும் கொடுமையையும் காட்டும் படத்தை நல்ல படம் என்று ஏற்கலாமா? விடுதி அறைகளில் நாம் நள்ளிரவு வரை வாதாடிய கேள்வி இது. அருவருப்பைக் காட்டுவது கலையே அன்று என்பார் ஒருவர். உலகில் இல்லாததையா காட்டிவிட்டார்கள் என்று மடக்குவார் மற்றவர். இந்த வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏற்றத்தக்கவர் ஆல்பிரட் ஹிட்ச்காக்.

லண்டனை அடுத்த லேடன்ஸ்டோனில் 1899 ஆகஸ்டு 13ஆம் நாள் ஒரு காய்கறிக் கடைக்காரரின் கடைசி மகனாகப் பிறந்தார் அவர். ஏசு சபையார் பள்ளியில் படித்தார். சிறு வயதில் ஏதோ குறும்பு செய்ததற்காகத் தந்தை ஒரு சீட்டைக் கொடுத்துக் காவல் நிலையத்துக்கு அனுப்ப, அங்கே சில நிமிடங்கள் அறைக்குள் பூட்டி வைத்தார்களாம். இதை அவர் வாழ்நாள் முழுதும் சொல்லி வந்தார். உண்மையோ, கதை கட்டுவதில் வல்லவரின் கைவண்ணமோ! ஆனால் குற்றமற்றவன் குற்றவாளியாகத் துரத்தப்படுவது அவர் படங்களில் மீண்டும் மீண்டும் வருவதை யாரும் மறுக்க முடியாது.

பதினைந்து வயதில் தந்தையை இழந்தார். தந்திக் கம்பித் தொழில் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். பிறகு பேசாப் படங்களுக்கு எழுத்து அட்டை வரைபவராக நுழைந்து இயக்குநரானார். 1926இல் படத்தொகுப்பாளர் ஆல்மா ரெவில்லை மணந்தார். 1939இல் ஹாலிவுட் சென்றார். மறு ஆண்டே வெளிவந்த அவருடைய 'ரெபெக்கா' சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பெற்றது. சிறந்த இயக்குநருக்கான பரிசு மட்டும் ஐந்து முறை பரிந்துரைக்கப்பட்டும் ஒரு முறைகூட அவர் கைக்கு வரவில்லை.

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. 1945இல் நண்பர் சிட்னி பெர்ன்ஸ்டீன் அழைக்க, அவர் லண்டன் வந்தார். பெர்கன்-பெல்சன் முதலிய நாஜி முகாம்களில் நேச நாட்டுப் படையினரின் கேமராக்கள் எடுத்த காட்சிகளை ஓர் ஆவணப் படமாக்கும் பணி அது. இங்கே கற்பனைக்கு இடமில்லை. குவிந்து கிடந்தவை உண்மைப் பிணங்கள். இவை பொய் என்று நாளை எவரும் சொல்லிவிடக் கூடாது. ஆகவே வெட்டி ஒட்டாமல் நீண்ட காட்சிகளாகவே வைக்க வேண்டும் என்று அவர் ஆலோசனை கூறினார். முகாமுக்கு எவ்வளவு அருகில் சாதாரண மக்கள் சாதாரணமாக வாழ்ந்தார்கள் என்பதை வரைபடத்தால் காட்டவும் சொன்னார். அந்தப் படம் முடிக்கப்படாமலே கிடப்பில் போடப்பட்டது. லண்டனிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகம் அதை நிறைவு செய்ய, அந்த நிறைவான வடிவத்தை 2014இல்தான் மக்கள் பார்த்தனர்.

அருகிலேயே இருந்தும் பார்க்காதவர்கள். இந்த எண்ணத்தோடு 1960க்கு வருவோம். 'சைக்கோ' படத்துக்குப் பெரிய நிறுவனம் பணம் போடத் தயங்கியது. அவரே பொறுப்பேற்று, தொலைக்காட்சிக் குழுவினரை வைத்து, ஏறத்தாழ எட்டு இலட்சம் டாலரில், கறுப்பு வெள்ளையில் எடுத்து முடித்தார். முக்கால் நிமிடக் குளியலறைக் கொலைக்கு ஏழு நாள் படப்பிடிப்பு. இரத்தமாக ஓடியது சாக்லேட் பாகு. அங்கே இசையே வேண்டாம் என்றுதான் முதலில் எண்ணியிருந்தார். பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்களைக் கேட்டதும் மனம் மாறினார். விமர்சகர் சிலர் முகம் சுளித்தனர். மக்களோ திரண்டு வந்தனர்.

ஆனால் என்னை உலுக்கியது குளியலறை அன்று. கொலைக்குப் பின் அந்த இளைஞன் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, பிணத்தோடு காரைச் சேற்றுக் குட்டைக்குள் தள்ளுகிறான். கார் மெல்ல மூழ்குகிறது; பாதியில் நின்றுவிடுகிறது. அந்த நொடியில் நாம் என்ன நினைக்கிறோம்? ஐயோ, மூழ்கிவிட வேண்டுமே என்று தவிக்கிறோம்! சற்று முன் அந்தப் பெண்ணுக்காகப் பதறிய அதே மனம். நம்மை நமக்கே காட்டிக் கொடுக்கும் இந்த ஒரு காட்சிக்காகவே அந்தப் படத்தின் இருட்டை மன்னிக்கலாம் என்பேன். இல்லை, மன்னிப்பு என்பதே தவறான சொல்; அந்த இருட்டு இல்லாவிட்டால் இந்தக் காட்சியும் இல்லை.

அதற்காக அவர் செய்ததெல்லாம் சரி என்று வாதாட நான் வரவில்லை. 'பறவைகள்' படத்துக்காக நடிகை டிப்பி ஹெட்ரன் மீது நாள்கணக்கில் உயிருள்ள பறவைகளை வீசச் செய்தார். அவர் தளர்ந்து விழுந்து, மருத்துவர் ஓய்வு தரச் சொல்லும் நிலை வந்தது. தம்மிடம் அவர் முறைகேடாக நடந்துகொண்டதாகவும் ஹெட்ரன் 2016இல் தம் நூலில் எழுதினார். திரையில் உள்ள இருளுக்குக் கலை என்று பெயர் சொல்லலாம். இதற்கு அப்பெயர் செல்லாது.

1980 தொடக்கத்தில் இங்கிலாந்து அவருக்குச் 'சர்' பட்டம் அளித்தது. அவ்வாண்டு ஏப்ரல் 29இல் மறைந்தார்.

அவருடைய கடைசிக்கு முந்தைய படமான 'பிரென்ஸி' 1972இல் வந்தது. லண்டனின் கோவன்ட் கார்டன் காய்கனிச் சந்தையில் கதை நடக்கிறது. கொலைகாரன் பழ வியாபாரி, அதாவது இயக்குநரின் தந்தை செய்த தொழிலை ஒட்டியவன். முதல் கொலையை முழுக்கக் காட்டினார். எனக்கு அது வேண்டாததாகவே தோன்றியது. தணிக்கை தளர்ந்த காலத்தில் கை சற்று நீண்டுவிட்டது. ஆனால் அடுத்த முறை, ஒரு பெண்ணை அவன் மாடிக்கு அழைத்துப் போகிறான், கதவு சாத்தப்படுகிறது. கேமரா உள்ளே போகவில்லை. ஓசையின்றிப் படிகளில் பின்னோக்கி இறங்குகிறது, வாசலைக் கடக்கிறது, தெருவுக்கு வருகிறது. திடீரென்று சந்தை இரைச்சல். மூட்டை சுமந்து ஒருவர் நம் எதிரே கடந்து போகிறார். லாரிகள், கூடைகள், ஆட்கள். மாடிச் சன்னலை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.