சாப்பாட்டுக்கு ஒரு பஞ்சாங்கம்

உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு அதைப் பற்றி எழுதுவது ஒரு தொழிலாகி இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்று கைப்பேசியில் படம்பிடித்துச் சுவையைப் புகழ்பவர்களைப் பார்க்கும்போது, அந்தச் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தது யார் என்ற கேள்வி நம் எல்லோருக்கும் எழுகிறது. கேள்வி புதிதன்று. இத்தொழிலைத் தொடங்கிவைத்தவரையே நோக்கி அது எழுப்பப்பட்டது. அவர், பாரிஸ் நகரத்தவரான அலெக்ஸாந்தர் கிரிமோ த லா ரெனியேர்.

1758 நவம்பர் 20 அன்று பிறந்தார். தந்தை, மன்னருக்காக வரி வசூலித்துக் கொழித்த குத்தகைதாரர்களுள் ஒருவர்; தாய், பிரபு குலத்தைச் சேர்ந்தவர். குழந்தையின் இரு கைகளும் பிறவியிலேயே ஊனமுற்றிருந்தன. செயற்கை விரல்களைப் பொருத்தி, மேலே வெள்ளைக் கையுறை அணிந்துகொண்டே அவர் எழுதப் பழகினார். பன்றிகள் கடித்துவிட்டதாகக் குடும்பத்தார் வெளியில் சொல்லிவந்தார்கள் என்றும், பின்னாளில் ஒரு பன்றிக்குத் தந்தையின் உடையை அணிவித்து விருந்து மேசையின் தலைமாட்டில் மகன் அமர்த்தினார் என்றும் கதைகள் உண்டு. அவற்றை நான் முழுதாக நம்பவில்லை. பெற்றோருக்கும் மகனுக்கும் இடையிலான கசப்பு மட்டும் மெய்.

சட்டம் படித்து வழக்கறிஞரானார். 1783 பிப்ரவரியில் அவர் அளித்த விருந்து பாரிஸ் முழுவதும் பேசப்பட்டது. அழைப்பிதழ் மரண அறிவித்தலைப் போல அச்சிடப்பட்டிருந்தது. மேசை நடுவே சவப்பெட்டி மேடை. 1786இல், ஒருவரை இழிவுபடுத்தும் நையாண்டிப் பிரசுரம் எழுதியதற்காக, குடும்பத்தாரின் முயற்சியில் மன்னரின் முத்திரை ஆணை பிறந்தது. லொரேன் பகுதியில் இருந்த ஒரு மடத்துக்கு நாடுகடத்தப்பட்டார். தண்டனை என்று அனுப்பிய இடத்தில், மடாதிபதியின் பந்தியில்தான் அவருக்கு நல்ல சாப்பாட்டின் நுட்பங்கள் பிடிபட்டன. பிறகு லியோன் நகரில் கடை வைத்து வியாபாரமும் செய்தார். ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை கடை வைப்பது குடும்பத்துக்கு இன்னொரு அவமானம்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது தந்தை இறந்தார். சொத்தின் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. 1794இல் கிரிமோ திரும்பிய பாரிஸ், அவர் விட்டுச்சென்ற பாரிஸ் அன்று. பிரபுக்கள் கொலைமேடைக்கும் அயல்நாட்டுக்கும் போய்விட, வேலையிழந்த சமையற்காரர்களில் பலர் உணவகங்களைத் திறந்திருந்தனர். உணவகம் என்ற ஏற்பாடு புரட்சிக்கு முன்பே தோன்றிவிட்டது. தனி மேசை, விலையிட்ட பட்டியல், வேண்டியதைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை ஆகியவை அதன் சிறப்பு. ஆனால் அது பெருகியது இப்போதுதான். குழப்பக் காலத்தில் திடீரென்று பணம் சேர்த்த புதிய செல்வந்தர்களுக்கோ எங்கே போவது, எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

இந்த இடைவெளியைக் கண்டுகொண்டதுதான் கிரிமோவின் கூர்மை. அதற்குமுன் அவர் நாடக விமர்சகர். அவர் நடத்திய நாடக இதழை அரசு நிறுத்திவிட்டது. மேடைக்குப் பயன்படுத்திய அளவுகோலை அடுப்பங்கரைக்கு மாற்றினார். 1803இல் ‘உணவுப் பிரியர்களின் பஞ்சாங்கம்’ வெளிவந்தது. 1812 வரை எட்டுத் தொகுதிகள். எந்த மாதத்தில் எந்த மீன், எந்தக் காய், எந்த இறைச்சி நன்றாயிருக்கும் என்று ஒரு பகுதி சொல்லும். இன்னொரு பகுதி வாசகரைத் தெருத்தெருவாக அழைத்துப்போய், உணவகங்களையும் அடுமனைகளையும் இறைச்சிக் கடைகளையும் பெயரும் இடமும் சொல்லி எடைபோடும். கடைக்காரரின் பெயரை அச்சில் போட்டு, இவருடைய பண்டம் முன்போல் இல்லை என்று எழுதுவது அக்காலத்தில் துணிச்சல்தான்.

சிக்கல் தொடங்கியதும் இங்கேதான். கிரிமோ ஒரு ‘சுவை நடுவர் குழு’வை அமைத்தார். செவ்வாய்க்கிழமைகளில் அது கூடும். வணிகர்களும் சமையற்காரர்களும் தங்கள் பண்டங்களை இலவசமாக அனுப்புவார்கள். நடுவர்கள் உண்டு, வாக்களித்துத் தீர்ப்பு வழங்குவார்கள். அது பஞ்சாங்கத்தில் ஏறும். அனுப்புவோருக்கு விளம்பரம், உண்போருக்கு விருந்து. ஓசியில் வயிறு வளர்க்கக் கண்டுபிடித்த வழி என்று எதிரிகள் தூற்றினர். பாராட்டுக் கிடைக்காத வணிகர்கள் வழக்குத் தொடுப்பதாக மிரட்டினர். பஞ்சாங்கம் நின்றுபோனதற்கு இந்தச் சச்சரவுகளும் காரணம்.

அவரை வெறும் கையூட்டுக்காரர் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பண்டங்கள் வீடு தேடி வருவதை அவர் மறைக்கவில்லை. நடுவர் குழுவின் நடைமுறையைப் பஞ்சாங்கத்திலேயே விவரித்தார். இன்றைய விளம்பரக் காணொலிகள் பலவற்றில் அந்த அளவு வெளிப்படைத்தன்மைகூட இல்லை. ஆயினும் பார்சல் அனுப்பாத கடைக்காரருக்கு அந்தச் சபையில் இடமேது? தெருவில் நடந்து அவரே தேடிக் கண்டவற்றைப் பற்றிய பக்கங்களை நான் நம்புவேன். செவ்வாய்க்கிழமைத் தீர்ப்புகளைச் சற்றுத் தள்ளிவைத்தே படிப்பேன்.

1808இல் விருந்தளிப்போருக்கான கையேடு ஒன்றையும் எழுதினார். அதன் முதற்பகுதி, இறைச்சியைத் துண்டுபோட்டுப் பரிமாறும் கலையைப் படங்களுடன் கற்பிக்கிறது. எழுதியவரின் கைகளை நினைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களைப் படிப்பது தனி அனுபவம்.

ஓய்வுபெறும் காலத்தில் தம் மரண அறிவித்தலைத் தாமே அனுப்பினார் என்பார்கள். சாப்பாட்டு வேளையையும் பொருட்படுத்தாமல் துக்கம் விசாரிக்க வந்த சிலருக்கு, உயிரோடு அமர்ந்து விருந்து படைத்தாராம். பின்னர் தாயின் சொத்தும் வந்துசேர, பாரிஸுக்குத் தெற்கே வில்லியே என்ற ஊரில் ஒரு மாளிகையில் குடியேறினார்.

அங்கிருந்தபோதே அவருடைய புகழை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். 1825இல் பிரியா சவாரென் சுவையைப் பற்றிய தம் நூலைச் சொந்தச் செலவில், பெயர்கூடப் போடாமல் வெளியிட்டார். அவர் நீதிபதி, சம்பளம் வந்துகொண்டிருந்தது, எந்தக் கடையின் பார்சலும் அவருக்குத் தேவைப்படவில்லை. உலகம் இன்றும் அவரைத்தான் படிக்கிறது. கிரிமோ அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, 1837ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் தமது 79ஆவது வயதில் காலமானார்.