சர் தாமஸ் மன்றோ

ஏட்டிற் பயிலும் கல்வி ஒருவனைத் தொழிலின் வாயில்வரை கொண்டுவந்து விடும். அதற்கப்பால் அவனை உள்ளே நடத்திச் செல்வது அத்தொழிலேயாம். பட்டம் பெற்று அலுவல் தேடிப் புறப்படவிருக்கும் மாணவராகிய யாம் இவ்வுண்மையை நினைக்குந்தோறும் எம் உள்ளத்தில் தோன்றுபவர் ஒருவர் உளர். எம் சேலம் நாட்டுப் புழுதியில் ஏழாண்டு உழன்று தொழில் கற்று, பின்னர்ச் சென்னை மாகாணத்துக் கவர்னராய் உயர்ந்த சர் தாமஸ் மன்றோவே அவர்.

அன்னார் ஸ்காத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் 1761-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் அமெரிக்காவோடு புகையிலை வாணிகம் செய்தவர். அமெரிக்கர் தம் சுதந்தரத்திற்காகத் தொடுத்த போரினால் அவர் செல்வம் அழிந்தது. கிளாஸ்கோ சர்வகலாசாலையிற் பயின்ற மைந்தர் வேறு வழியின்றிக் கும்பினிப் படையிற் சேர்ந்து, 1780-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைத் துறையில் வந்திறங்கினார். ஐதர் அலியோடும் திப்பு சுல்தானோடும் நிகழ்ந்த போர்களிற் கலந்துகொண்ட காலத்திலேயே இந்துஸ்தானி, பாரசீகம் ஆகிய மொழிகளையும் முயன்று கற்றார். அக்கல்வியே அவர்தம் வாழ்வின் போக்கை மாற்றியது.

1792-ஆம் ஆண்டு திப்பு சுல்தான் செய்துகொண்ட உடன்படிக்கையால் பாரமகாலும் சேலமும் கும்பினியார் வசமாயின. இவற்றை ஆளுதற்கு நாட்டு மொழி அறிந்த சிவில் உத்தியோகஸ்தர் கிடைத்திலர். ஆகவே கவர்னர் ஜெனரலாகிய காரன்வாலிஸ் பிரபு, மொழியறிந்த படைத்தலைவராகிய அலெக்சாந்தர் ரீடு என்பவரை மேலாளராக நியமித்து, மூவரை அவருக்கு உதவியாளராக்கினார். வடபகுதி கிரேயத்திற்கும், தொப்பூர்க் கணவாய்க்குத் தெற்கிலுள்ள சேலம், நாமக்கல் சமவெளி மக்ளியோடுக்கும், தருமபுரியை நடுவாகக் கொண்ட பகுதி மன்றோவுக்கும் அமைந்தன. இன்று பல மாவட்டங்களாய்ப் பிரிந்து கிடக்கும் இந்நிலம் அந்நாளில் இந்நால்வருக்கும் பெரியதோர் பாடசாலையாயிற்று.

அப்பாடசாலையிற் கற்பிக்கும் முறை யாதோ எனின், கூறுவாம். கச்சேரியில் அமர்ந்து கணக்குப்பிள்ளை நீட்டிய கணக்கை நம்பி வரி விதித்தல் எளிது. ரீடோ அவ்வாறு செய்ய ஒருப்பட்டிலர். ஊர்தோறும் சென்று, வயல்தோறும் அளந்து, நஞ்சை புஞ்சை வேறுபாடும் மண்ணின் தரமும் கண்டு, உழவனை உசாவி, கணக்கை நிலத்தோடு ஒப்பிட்டு உண்மை காண வேண்டுமென்பது அவர் கொள்கை. மன்றோ அதனைத் தலைமேற்கொண்டு, கூடாரத்திலேயே பெரும்பொழுது கழித்து, ஊர் ஊராய்த் திரிந்தார். முதலிற் பல ஆண்டுக் குத்தகை முறை முயலப்பட்டது. அது பயன்படாமை கண்டதும், ரயத்து தான் விரும்பிய நிலத்தை வைத்துக்கொள்ளவும் வேண்டாததை விடவும் 1796-ஆம் ஆண்டு ரீடு உரிமை யளித்தார். கண்ட தவற்றை மறையாது முறையையே திருத்திய இத்துணிவு மன்றோ பெற்ற பாடங்களுள் தலையாயது. உழவனோடு அரசு நேரே உடன்படும் ரயத்துவாரி முறை இங்ஙனம் உருப்பெற்றது.

நிற்க. 1799-இல் மன்றோ இந்நாட்டை விட்டுச் சென்றார். 1802-க்குப் பின்னர் மேலிடத்தார் சாசுவத ஜமீன் முறையை இங்கே புகுத்தி, நிலங்களை மிட்டாக்களாக வகுத்து ஏலத்தில் விற்றனர். மிட்டாதாரர் பலர் வரி செலுத்த மாட்டாது வீழ்ந்தனர். அளந்து அறிந்தோர் சொல் கேளாது எட்ட இருந்து வகுத்த திட்டம் எங்ஙனம் முடியும் என்பதற்கு எம் ஜில்லாவே சான்றாயிற்று. 1820-இல் மன்றோ கவர்னரான பின்னர் ரயத்துவாரியே மாகாணத்தின் பொது முறையாயிற்று.

அன்னாரிடத்துக் குறையே இல்லையென யாம் கூறோம். அவர் அந்நிய ஆட்சியின் ஊழியர். அவர் விதித்த வரியும் உழவர்க்குப் பாரமாகவே இருந்தது. எனினும், பெல்லாரி, கடப்பை முதலிய ஜில்லாக்களில் தாமே விதித்த வரியை நூற்றுக்கு 25 பங்கு குறைக்க வேண்டுமென 1807-இல் அவரே எழுதினார். அன்று மேலிடத்தார் இணங்கிலர். கவர்னரானதும் தாமே அதனை நிறைவேற்றினார். பத்திரிகைச் சுதந்தரத்தை அவர் எதிர்த்தமையும் மறைத்தற்குரியதன்று.

தாம் கற்றதைப் பிறரும் கற்று உயர வழி செய்தமையே அவர்தம் பெருமை. 1816-ஆம் ஆண்டுச் சட்டங்களால் கிராம முன்சீபு, ஜில்லா முன்சீபு ஆகிய பதவிகளில் இந்நாட்டார் நீதி வழங்கினர். உயர் பதவிகளை அடைத்து வைத்தால் ஒரு மக்கட்கூட்டத்தின் ஒழுக்கமும் ஊக்கமும் தாழுமென்றும், இந்தியர் தம்மைத் தாமே ஆளும் நாளுக்கு அவரை ஆயத்தம் செய்தலே கடன் என்றும் 1824-இல் எழுதிவைத்தார். பள்ளிகளைப் பற்றி 1822-இல் விசாரணை தொடங்கினார். மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் ஏறத்தாழ 1,88,000 மாணவரும் உளரெனக் கணக்கு வந்தது. ஆசிரியரோ திங்களுக்கு ஆறேழு ரூபாய்க்கு மேற் பெற்றிலர். ஆகவே சென்னையில் ஆசிரியரைப் பயிற்றும் தலைமைப் பள்ளியும், ஒவ்வொரு ஜில்லாவிலும் இரு பள்ளிகளும், தாலுகாதோறும் ஒரு பள்ளியும் வேண்டுமென 1826-இல் திட்டம் வகுத்தார். ஆண்டுச் செலவு 48,000 ரூபாய் எனவும் கணக்கிட்டார்.

அத்திட்டம் முற்றுப்பெறுவதைக் காண அவர் இருந்திலர். தாயகம் திரும்புமுன் தாம் ஆண்ட ஜில்லாக்களை இறுதியாகக் காணச் சென்றவர், 1827-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் உயிர் நீத்தார். அவர் நிறுவ விழைந்த தாலுகாப் பள்ளிகள் 1836-இல் கைவிடப்பட்டன. தலைவன் ஒருவன் மறைய, அவன் கருத்தை ஏந்துவோர் இலராயின் நன்முயற்சியும் நலிந்துபோம் என்பதனை இது காட்டும்.

1839-இல் நிறுவிய அவர் குதிரைச் சிலை சென்னைத் தீவுத்திடலில் இன்றும் நிற்கின்றது. சேணமும் அங்கவடியும் இல்லையெனக் காண்போர் வியப்பர். எமக்கோ, தருமபுரிச் செம்மண்ணில் அளவுச் சங்கிலியின் பின் நடந்த முப்பது வயது இளைஞரே கண்முன் நிற்கின்றார். நாளை ஆசிரியராகவோ, குமாஸ்தாவாகவோ, அதிகாரியாகவோ அமரப்போகும் யாம், மேசையிலுள்ள கணக்கை நிலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போமாக. கீழ் நிற்போர் ஏறுதற்கு ஏணியாய் நிற்போமாக.