சவரன் காசில் ஒளிந்திருக்கும் இரண்டு எழுத்து

காலையில் எந்தத் தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்தாலும் ஒரு தலைப்பு தவறாமல் இருக்கும். சவரனுக்கு இன்று எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது? கனடாவில் இருந்தாலும் கத்தாரில் இருந்தாலும் நம்ம ஆளுங்க அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அடுத்த செய்திக்குப் போவாங்க. ஆனால் இந்தச் சவரன் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் நம்மில் பலர் கொஞ்சம் முழிப்போம்.

சாவரின் என்பது பிரிட்டனின் தங்கக் காசு. 22 காரட், எடை 7.98 கிராம், குறுக்களவு 22 மில்லிமீட்டர். அதை முழுசாக்கி 8 கிராம் என்று நம் நகைக்கடைகள் கணக்கு வைத்துக்கொண்டன. பவுன் என்பதும் இதே காசுதான், ஏனென்றால் அதன் முகமதிப்பு ஒரு பவுண்டு. இன்றும் அந்தக் காசு அச்சாகிறது. பிரிட்டனில் அது சட்டப்படி செல்லும் பணம் என்பதால், அங்கே வசிப்பவர்கள் விற்று லாபம் பார்த்தாலும் மூலதன ஆதாய வரி கிடையாது. முதலீட்டுத் தங்கம் என்பதால் வாங்கும்போது வாட் வரியும் இல்லை. லண்டனில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் நகையைவிட சாவரினையும் பிரிட்டானியாவையும் வாங்கி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காசின் ஒரு பக்கம் அரசரின் தலை. மறுபக்கம் குதிரை மீது புனித ஜார்ஜியார், காலடியில் டிராகன். இங்கிலாந்தின் காவல் புனிதர், இங்கிலாந்தின் தங்கம், இதைவிட அசல் ஆங்கிலச் சின்னம் வேறு என்ன இருக்க முடியும் என்று தோன்றும். இந்தப் படத்தைச் செய்தவர் இங்கிலாந்தில் பிறந்தவரே இல்லை. பிழைப்பு தேடி 32 வயதில் லண்டனில் வந்து இறங்கிய ஓர் இத்தாலியர். பெயர் பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி. வெளிநாட்டில் வேலை பார்க்கும் எவருக்கும் அவருடைய கதை அந்நியமாக இருக்காது.

1783 இல் ரோமில் பிறந்தார். அப்பா குற்றவியல் நீதிமன்றத்தில் பெரிய பதவி. பையன்கள் படித்து வழக்கறிஞராக வேண்டும் என்பது அவர் கனவு. பெனடெட்டோவுக்குப் படிப்பு ஏறவில்லை. கடைசியில் கேமியோ செதுக்கும் ஒருவரிடம் தொழில் கற்க விட்டார்கள். அடுக்கடுக்காக நிறம் உள்ள கல்லில் மேல் அடுக்கைச் செதுக்கி, உருவம் புடைத்து நிற்கும்படி செய்வதுதான் கேமியோ. பையனுக்குக் கை அபாரமாக வந்தது. வந்த வேகத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்ட சக தொழிலாளி ஒருவன் வயிற்றில் கத்தியால் குத்திவிட்டான். வீட்டில் படுத்துக் குணமாகும் நாட்களில், சும்மா இருக்க முடியாமல் மெழுகில் உருவம் பிடிக்கத் தானே கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அவருக்குச் சோறு போட்டது அந்த மெழுகு வேலைதான்.

இருபது வயதுக்குள் கல்யாணம், சொந்தத் தொழில். ரோமில் அன்று பழங்கால ரோமானிய, கிரேக்கக் கற்களுக்குப் பணக்கார வெளிநாட்டவரிடம் ஏக கிராக்கி. வியாபாரிகள் பிஸ்ட்ரூச்சியிடம் சொற்பக் காசுக்குக் கல் வாங்கி, அதைப் பழைய பொருள் என்று சொல்லிப் பெரும் தொகைக்கு விற்றார்கள். இது தெரிந்தபோது அவர் சண்டைக்குப் போகவில்லை. தான் செய்யும் ஒவ்வொரு கல்லிலும் பார்வைக்குப் படாத இடத்தில் ரகசியக் குறி ஒன்றை வைக்க ஆரம்பித்தார். மென்பொருள்காரர்களுக்கு இது புரியும். யார் பெயரில் போனாலும் உள்ளே எங்கோ நம் கையெழுத்து இருக்கட்டும் என்ற எண்ணம்.

1814 கடைசியில் பாரிஸ் போனார். எல்பா தீவிலிருந்து திரும்பி வந்து நெப்போலியன் ஆண்ட அந்தக் கொஞ்ச நாட்களில், அவரை நேரில் பார்த்து மெழுகில் உருவம் எடுத்தார். 1815 முடியும்போது லண்டன் வந்து சேர்ந்தார்.

லண்டனில் அவருக்கு ஆதரவு கொடுத்தவர் ராயல் சொசைட்டியின் தலைவர் சர் ஜோசப் பேங்க்ஸ். ஒரு நாள் பேங்க்ஸ் வீட்டில் அவருடைய உருவத்தைச் செய்துகொண்டிருந்தபோது, ரிச்சர்ட் பேய்ன் நைட் என்ற பெரிய சேகரிப்பாளர் ஒரு கேமியோவை எடுத்து வந்தார். ஃப்ளோரா தேவதையின் தலை. பழங்காலப் பொக்கிஷம் என்று நம்பி நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தார். பிஸ்ட்ரூச்சி பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். அது அவரே ரோமில் செய்து விற்ற கல். ரகசியக் குறியையும் காட்டினார். நைட் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஃப்ளோரா இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புதிய ஊருக்கு வந்தவுடனே ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் பகையைச் சம்பாதித்தாலும், நகரம் முழுக்க அவர் பெயர் பரவியது அந்தச் சம்பவத்தால்தான்.

அது பிரிட்டன் தன் நாணயங்களை அடியோடு மாற்றிக்கொண்டிருந்த காலம். நெப்போலியனோடு நடந்த நீண்ட போரில் தங்கம் புழக்கத்திலிருந்தே மறைந்து, எங்கும் காகிதப் பணம். 1816 இல் புதுச் சட்டம் வந்தது. 21 ஷில்லிங் மதிப்புள்ள பழைய கினிக்குப் பதிலாக, 20 ஷில்லிங் மதிப்பில் புதிய தங்கக் காசு தேவைப்பட்டது. நாணயச்சாலையின் தலைவர் வில்லியம் வெல்லெஸ்லி போல். இவர் வெலிங்டன் பிரபுவின் அண்ணன். 1799 இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபோது இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த ரிச்சர்ட் வெல்லெஸ்லி இவருக்கும் மூத்தவர்.

போல், பிஸ்ட்ரூச்சியிடம் அரசர் மூன்றாம் ஜார்ஜின் தலையைச் செதுக்கச் சொன்னார். அவர் ஜாஸ்பர் கல்லில் செதுக்கிக் கொடுத்ததை நாணயச்சாலைக்காரர்கள் எஃகு அச்சுக்கு மாற்றியபோது, அரசர் முகம் காளை மாட்டு முகம் போல வந்துவிட்டது என்று ஊரே கேலி செய்தது. அப்போதுதான் பிஸ்ட்ரூச்சி எஃகில் வெட்டும் வேலையையே கையில் எடுத்தார். இத்தனை வருடம் கல்லிலும் மெழுகிலும் பழகிய கை, முப்பது வயதுக்கு மேல் புதிய தொழில்நுட்பத்துக்கு மாறியது.

ஜார்ஜியார் படம் பிறந்தது வேறு வழியில். ஸ்பென்சர் சீமாட்டி தன் கணவர் அணிய ஒரு கேமியோ கேட்டிருந்தார். லெஸ்டர் சதுக்கத்தில் பிஸ்ட்ரூச்சி தங்கிய ஹோட்டலில் வேலை பார்த்த ஓர் இத்தாலியப் பணியாளரை மாதிரியாக நிறுத்தி அதற்கான உருவத்தை மெழுகில் பிடித்தார். அதே காட்சியைப் புதிய தங்கக் காசுக்கும் செய்யலாம் என்று அவர் யோசனை சொல்ல, போல் ஒப்புக்கொண்டார். கூலி 100 கினி. 1817 இல் முதல் சாவரின் வெளிவந்தது. ஆக, இங்கிலாந்தின் காவல் புனிதருக்கு உடல் கொடுத்தவரும் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளிதான்.

அதே 1817 இல் நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர் தாமஸ் வயன் இளம் வயதிலேயே இறந்துபோனார். அந்தப் பதவியை பிஸ்ட்ரூச்சிக்குத் தருவதாகப் போல் வாக்குக் கொடுத்தார். அங்கேதான் முட்டுக்கட்டை. மூன்றாம் வில்லியம் காலத்துச் சட்டப்படி, அயல்நாட்டில் பிறந்தவர் அத்தகைய அரசுப் பதவியில் உட்கார முடியாது. போல் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். பதவியைக் காலியாகவே வைத்துவிட்டு, வேலையையும் சம்பளத்தையும் நாணயச்சாலைக்குள் வீட்டையும் பிஸ்ட்ரூச்சிக்குக் கொடுத்தார். பொறுப்பு உண்டு, சம்பளம் உண்டு, டெசிக்னேஷன் மட்டும் கிடையாது. கான்ட்ராக்டில் வருடக் கணக்காக டீமையே தாங்கிக்கொண்டு, நிறுவனத்தின் ஆள் பட்டியலில் மட்டும் பேர் இல்லாமல் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பத்திரிகைகளும் விடவில்லை. 1818 இல் வந்த பெரிய வெள்ளிக் காசான கிரவுனில் அவருடைய குடும்பப் பெயர் முழுசாக இரண்டு பக்கமும் பொறிக்கப்பட்டிருந்தது. அரசருடைய காசில் ஒரு வெளிநாட்டான் பேரா என்று பெரிய கூச்சல் கிளம்பியது.

அவர் பட்ட கஷ்டத்துக்கு எல்லாம் சட்டமும் ஊர்க்காரர்களும்தான் காரணம் என்று எழுதிவிட்டால் நமக்கு இனிக்கும். ஆனால் அது முழு உண்மை இல்லை. புதிய அரசர் நான்காம் ஜார்ஜுக்குத் தன் தலை காசில் வந்த விதம் பிடிக்கவில்லை. சான்ட்ரி என்ற சிற்பி செய்த உருவத்தைப் பார்த்து அச்சு வெட்டுமாறு 1822 இல் சொன்னார்கள். இன்னொருவர் படைப்பை நகலெடுப்பது தன் கலைக்கு இழுக்கு என்று பிஸ்ட்ரூச்சி மறுத்துவிட்டார். அடுத்த வருடம் ஆதரவாளரான போலும் பதவியை விட்டார். காசு வேலை இவர் கையைவிட்டு, இரண்டாம் செதுக்குநரான வில்லியம் வயனிடம் போனது. 1825 இல் சாவரினில் ஜார்ஜியாரை எடுத்துவிட்டுக் கேடயத்தைப் போட்டார்கள். 1828 இல் ஒரு சமரசம். வயன் தலைமைச் செதுக்குநர், பிஸ்ட்ரூச்சி தலைமைப் பதக்கக் கலைஞர்.

இந்த வயன் குடும்பத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அவர்களும் பூர்வீக ஆங்கிலேயர் இல்லை. சில தலைமுறைக்கு முன் ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்து வந்தவர்கள். ஆனால் வில்லியம் இங்கிலாந்தில் பிறந்தவர். எனவே சட்டம் அவரைத் தடுக்கவில்லை. அவர் திறமையிலும் குறைந்தவர் இல்லை. சிங்கத்தோடு உனா நடந்து வரும் அவருடைய 1839 ஐந்து பவுண்டுத் தங்கக் காசைப் பிரிட்டனின் மிக அழகான காசு என்று சேகரிப்பாளர்கள் பலர் கொண்டாடுகிறார்கள். கதையில் வில்லன் தேடினால் வயன் அதற்குப் பொருந்த மாட்டார். வந்து இறங்கிய தலைமுறைக்குக் கிடைக்காத நாற்காலி, அங்கேயே பிறந்த தலைமுறைக்குக் கிடைத்தது. அவ்வளவுதான். இதைப் படிக்கும் வீடுகளில் இரண்டு தலைமுறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகின்றன. அப்பாவின் கசப்பு பிள்ளைக்கு ஏன் புரியவில்லை, பிள்ளையின் இயல்பான தைரியம் அப்பாவுக்கு ஏன் வரவில்லை என்பதற்கு இந்தக் கதையில் கொஞ்சம் பதில் இருக்கிறது.

பிஸ்ட்ரூச்சியின் கையில் இருந்த இன்னொரு பெரிய வேலை வாட்டர்லூ பதக்கம். நெப்போலியனை வென்ற அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் கொடுப்பதற்காக 1819 இல் ஒப்படைத்தது. சுமார் 13 சென்டிமீட்டர் அகலம், நுணுக்கமோ சொல்லி மாளாது. சம்பளத் தகராறு, மனக்கசப்பு, பிடிவாதம் எல்லாம் சேர்ந்து வேலை இழுத்துக்கொண்டே போனது. நடுவில் 1838 இல் ஒரு முத்திரையை வெறும் 15 நாளில் முடித்துக் காட்டினார். ஆக, வேகம் இல்லாதவர் அல்ல. 1839 இல் ரோமின் நாணயச்சாலை அழைத்தது என்று சொந்த ஊருக்கே போனார். சம்பளம் கட்டுப்படியாகாமல் சில மாதங்களில் லண்டனுக்கே திரும்பி வந்துவிட்டார். ஊருக்குப் போய்ச் செட்டில் ஆகப் பார்த்து, மறுபடி விமானம் ஏறியவர்கள் நம்மிலும் எத்தனை பேர்!

கடைசியில் 1849 இல் அச்சுகளை ஒப்படைத்தார். முப்பது வருடம் ஆகியிருந்தது. பதக்கம் பெற வேண்டிய முக்கியமானவர்களில் வெலிங்டன் பிரபு ஒருவர்தான் உயிரோடு இருந்தார். அவ்வளவு பெரிய அச்சைக் கடினமாக்கும்போது உடைந்துவிடுமோ என்ற பயத்தில், தங்கத்தில் அடிக்கவே இல்லை. அவருடைய மிகப் பெரிய படைப்பு கடைசிவரை பதக்கமாகவே ஆகவில்லை. 1855 செப்டம்பரில், விண்ட்சர் அருகே, 72 வயதில் இறந்தார். மகள்கள் எலெனாவும் மரியா எலிசாவும் அவரிடமிருந்து வந்த கேமியோ கலையைத் தொடர்ந்தார்கள்.

அவர் இறந்து 16 வருடம் கழித்து, 1871 இல், நாணயச்சாலையின் பொறுப்பிலிருந்த சார்லஸ் ஃப்ரீமேன்டில் ஜார்ஜியாரை மறுபடி சாவரினுக்குக் கொண்டுவந்தார். அதன்பிறகு அந்தக் குதிரை ஓடாத ஊர் இல்லை. சிட்னி, மெல்போர்ன், பெர்த், ஒட்டாவா, பிரிட்டோரியா நாணயச்சாலைகளிலெல்லாம் அதே படத்தோடு சாவரின் அடித்தார்கள். 1918 இல் ஒரே ஒரு வருடம் பம்பாயிலும் அடித்தார்கள். அதில் இந்தியாவைக் குறிக்கும் ஐ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். 2013 முதல் ஹரியானாவில் எம்.எம்.டி.சி-பாம்ப் நிறுவனமும் அதே ஐ குறியோடு அடித்தது.

முதலீட்டுக்காக வாங்குபவர்களுக்கு எந்த வருடத்துக் காசாக இருந்தாலும் உள்ளே 7.32 கிராம் சுத்தத் தங்கம்தான் கணக்கு. சேகரிப்பாளர்களுக்கு வருடமும் குறியும் முக்கியம். 1819 சாவரின் கிடைப்பது குதிரைக்கொம்பு, அதன் விலையைத் தங்கத்தின் எடை தீர்மானிப்பதில்லை. இரண்டு வகை ஆட்களும் பெரும்பாலும் பார்க்காமல் விடும் ஓர் இடம் உண்டு. டிராகனுக்குக் கீழே வருடம் போட்டிருக்கும் பகுதியின் வலது ஓரத்தில், லென்ஸ் வைத்துப் பார்த்தால் பி.பி. என்று இரண்டு எழுத்து. ரத்த அழுத்தம் இல்லை, பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி.

வீட்டில் சாவரின் காசு இருந்தால் பிள்ளைகளிடம் ஒரு லென்ஸைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். கண்டுபிடித்ததும் அது யாருடைய எழுத்து என்று கேட்பார்கள். பதவி கொடுக்க முடியாது என்று சொன்ன நாட்டின் தங்கத்தில், இருநூறு வருடத்துக்கு முன் வேலைக்கு வந்த ஒருவர் போட்ட கையெழுத்து என்று சொல்லலாம். அவருடைய பிடிவாதத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். முப்பது வருடம் இழுத்த பதக்கத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். மீதியை அவர்களே யோசித்துக்கொள்வார்கள்.