மாடல் விமானக் கடை டூ ராணுவ டிரோன்... யார் இந்த ரெஜினால்ட் டென்னி?

1891-ல் இங்கிலாந்தில் பிறந்த ரெஜினால்ட் டென்னி, ஹாலிவுட்டில் பிஸியான நடிகர். முதல் உலகப்போரில் பிரிட்டன் விமானப்படையில் இருந்தவரை விமான ஆசை விடவே இல்லை. 1930-களில் ஹாலிவுட்டிலேயே மாடல் விமானக் கடை போட்டார்.

அப்போது பீரங்கி வீரர்கள் சுட்டுப் பழக, ஒரு விமானம் துணி இலக்கை இழுத்துக்கொண்டு பறக்கும். குறி தப்பினால் விமானி உயிருக்கே ஆபத்து. ஆளே இல்லாத ரேடியோ விமானத்தைச் சுடட்டுமே என்றார் டென்னி.

விடாமல் முயன்றவருக்கு 1940-ல் அமெரிக்க ராணுவ ஆர்டர் கிடைத்தது. 12 அடி இறக்கை, குண்டடி பட்டாலும் பாராசூட்டில் இறங்கும், ரிப்பேர் பார்த்து மறுபடி பறக்கவிடலாம். போர்க்காலத்தில் சுமார் 15,000 தயாராகின.

அந்த ஃபேக்டரியில் வேலை பார்த்த ஒரு இளம்பெண்ணை ராணுவ போட்டோகிராஃபர் படமெடுத்தார். அவர்தான் மர்லின் மன்றோ!

1967-ல் மறைந்த டென்னியை சினிமா மறந்தாலும், டிரோன் வரலாறு மறக்கல.